மேசையில் திருத்திய விதிகளைப் புத்தகமாக்குவது: எந்த உரிமம், எந்த வழி?

நிலவறைவாசி:

அனைவருக்கும் வணக்கம்.

ஏழு ஆண்டுகளாக ஒரே குழுவுக்கு நான் கேம் மாஸ்டராக, அதாவது ஆட்டத்தை நடத்துபவராக, இருந்து வருகிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் தொடங்கினோம். எல்லாக் குழுக்களிலும் நடப்பதுபோல, முதல் சில மாதங்களிலேயே எங்களுக்கு ஒத்துவராத விதி ஒன்றைத் தள்ளிவைத்தோம், இன்னொன்றைத் திருத்தினோம், பிறகு புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்தோம். அப்படிச் சேர்ந்த ஹவுஸ் ரூல்களும், ஆட்டம் நடக்கும் உலகத்துக்காக நான் எழுதிவைத்த குறிப்புகளும் இப்போது இருநூறு பக்கங்களைத் தாண்டிவிட்டன. இவற்றைத் தொகுத்து முறையான மூன்றாம் தரப்பு வெளியீடாக, முதலில் பிடிஎஃப் வடிவிலும் வரவேற்பைப் பொறுத்துப் பின்னர் அச்சிலும் கொண்டுவர விரும்புகிறேன்.

தொகுப்பின் பெரும்பகுதி, வெள்ளத்தில் மூழ்கிப்போன ஒரு சுரங்க நகரமும் அதில் வாழும் முப்பத்திரண்டு உயிரினங்களும்தான். அவை முழுக்க என் கற்பனை. அடுத்ததாக, விளக்கு பற்றிய விதி ஒன்று இருக்கிறது: விளக்கை ஏற்றியதும் அதற்கு ஓர் எட்டு முகப் பகடை ஒதுக்கப்படும், குழு நகரும்போதெல்லாம் அதை உருட்ட வேண்டும், 1 அல்லது 2 விழுந்தால் எட்டு முகப் பகடை ஆறு முகமாகக் குறையும், ஆறு நான்காகக் குறையும், நான்கு முகப் பகடையிலும் அப்படி விழுந்தால் விளக்கு அணைந்துவிடும். இதைப் போன்ற ஒன்றை வேறெங்கோ படித்திருக்கிறேன் என்ற உறுத்தல் எனக்கு உண்டு. கடைசியாக ஃபைட்டர் என்ற போர்வீரர் கிளாஸுக்கான (பாத்திர வகைக்கான) ஒரு சப்கிளாஸ், அதாவது உட்பிரிவு. அது அடிப்படை விதிப்புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் உள்ள பேட்டில் மாஸ்டர் என்ற உட்பிரிவை எடுத்து, நான்கைந்து உத்திகளை மட்டும் மாற்றி எழுதியது.

நான் அறிய விரும்புவது இதுதான். இவற்றில் எதை வெளியிட எனக்கு உரிமை இருக்கிறது? ஓஜிஎல் (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் திறந்த உரிமம்), எந்தப் படைப்புக்கும் பொருந்தும் பொது உரிமமான கிரியேட்டிவ் காமன்ஸ், ஆட்டங்களுக்கான இன்னொரு திறந்த உரிமமான ஓஆர்சி, நிறுவனங்களே நடத்தும் சமூகச் சந்தைகள் ஆகியவற்றில் எது என்னைப் போன்ற ஒருவருக்குப் பொருந்தும்? 2023இல் விசார்ட்ஸ் ஓஜிஎல்லை மாற்ற முயன்றதால் எழுந்த குழப்பத்துக்குப் பிறகு, இன்னொரு நிறுவனத்தின் விதிகளின் மேல் என் ஏழு ஆண்டு உழைப்பைக் கட்டுவது சரிதானா என்ற தயக்கமும் இருக்கிறது.

பழையபகடை:

வணக்கம் நிலவறைவாசி. விளக்கு விதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அங்கே நீங்கள் தேவையில்லாமல் கவலைப்படுகிறீர்கள், கவலைப்பட வேண்டிய சப்கிளாஸ் விஷயத்திலோ கவலையில்லாமல் இருக்கிறீர்கள்.

நீங்கள் படித்தது 2016இல் வெளிவந்த தி பிளாக் ஹேக் ஆட்டத்தின் யூசேஜ் டை விதியாக இருக்கும். 1 அல்லது 2 விழுந்தால் பகடை ஒரு படி இறங்கும் என்பதே அதன் அடிப்படை. பிற்பாடு பல ஆட்டங்கள் அதை எடுத்துக்கொண்டன. அப்படி எடுத்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், ஓர் ஆட்டம் இயங்கும் முறை பதிப்புரிமைக்குள் வராது என்பதுதான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1879இல் பேக்கர் எதிர் செல்டன் வழக்கில், கணக்கு எழுதும் முறை ஒன்றை விளக்கும் புத்தகத்துக்குப் பதிப்புரிமை இருந்தாலும் அந்த முறைக்கு அது தனியுரிமை தராது என்று தீர்ப்பளித்தது. அந்நாட்டின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 102(பி) பிரிவும் கருத்து, செய்முறை, இயங்குமுறை ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே பகடை படியிறங்கும் முறையை நீங்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். நன்றியுரையில் அந்த ஆட்டத்தின் பெயரைக் குறிப்பிடுவது நல்ல பழக்கம், ஆனால் கட்டாயம் இல்லை.

முறைக்குக் காப்பு இல்லை என்றாலும், அந்த முறையை விவரிக்கும் சொற்களுக்குக் காப்பு உண்டு. பேட்டில் மாஸ்டர் விஷயத்தில் நீங்கள் இடறுவது இங்கேதான். ஐந்தாம் பதிப்பின் எஸ்ஆர்டி 5.1 ஆவணத்தில், அதாவது மற்றவர்கள் பயன்படுத்த நிறுவனம் திறந்துவைத்த விதித்தொகுப்பில், பன்னிரண்டு கிளாஸ்களுக்கும் தலா ஒரே ஒரு சப்கிளாஸ்தான் இருக்கிறது. ஃபைட்டருக்கு சாம்பியன், ரோகுக்கு தீஃப், விசார்டுக்கு எவொகேஷன் என்று போகும். பின்னணிகளில் அகோலைட் மட்டும், ஃபீட் எனப்படும் கூடுதல் திறன்களில் கிராப்ளர் மட்டும். பேட்டில் மாஸ்டர் அதில் இல்லை. எந்த உரிமத்தின் கீழ் வெளியிட்டாலும் எஸ்ஆர்டியில் இல்லாத ஒன்றின் வாசகத்தை அந்த உரிமம் உங்களுக்குத் தராது. நான்கைந்து உத்திகளை மாற்றிவிட்டீர்கள் என்பது போதாது. மாற்றாமல் விட்ட உத்திகளின் வாசகம் இன்னும் அவர்களுடையதாகவே இருக்கிறது.

இதற்காக சப்கிளாஸையே கைவிட வேண்டியதில்லை. பகடைகளைச் செலவிட்டுப் போர் உத்திகளைக் கையாளும் போர்வீரர் என்ற கருத்து யாருக்கும் சொந்தமானதல்ல. மூலப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, உங்கள் மேசையில் அந்தக் கேரக்டர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதை வெற்றுத் தாளில் எழுதுங்கள். மூழ்கிய நகரத்தில் சண்டையிடும் ஒருவருக்கு இடுப்பளவு நீரில் எதிரியை நிலைகுலையச் செய்வது, விளக்கைத் தட்டிவிட்டு இருளில் நகர்வது என்று வேறு உத்திகள் தாமாகவே வரும். நீங்களே பார்ப்பீர்கள், பழைய பட்டியலில் இருந்த பாதி உத்திகள் உங்கள் உலகத்துக்குத் தேவையே இல்லாதவை.

உயிரினங்களைப் பொறுத்தவரை ஒரு சோதனை செய்யுங்கள். முப்பத்திரண்டும் உங்கள் கற்பனை என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் ஏழு ஆண்டுக் குறிப்புகளில் பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் போன்ற பெயர்கள் எங்கேனும் ஒளிந்திருக்கும். ஓஜிஎல் வழியாக எஸ்ஆர்டி வெளியான காலத்திலிருந்தே அவை பொதுவில் விடப்படாமல் நிறுவனத்தின் தனி அடையாளங்களாக ஒதுக்கிவைக்கப்பட்டவை. கோப்பு முழுவதிலும் தேடி நீக்குங்கள்.

உரிமங்களைப் பற்றிக் கணக்குப்பிள்ளை என்னைவிடத் தெளிவாக எழுதுவார். அவர் வரும்வரை பின்னணியை மட்டும் சொல்கிறேன். 1974இல் டிஎஸ்ஆர் நிறுவனம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் பதிப்பை வெளியிட்ட மூன்று ஆண்டுகளுக்குள்ளாகவே ஜட்ஜஸ் கில்ட் என்ற சிறு நிறுவனம் டிஎஸ்ஆரின் அனுமதியோடு துணை நூல்களை வெளியிடத் தொடங்கிவிட்டது. ஆக, மூன்றாம் தரப்பு வெளியீடு இந்தத் தொழிலோடு கூடவே பிறந்தது. ஆனால் உரிமம் இல்லாமல் ஒத்திசைவை அறிவித்துக்கொள்வது ஆபத்தாகவே இருந்தது. 1982இல் ரோல் எய்ட்ஸ் வரிசையைத் தொடங்கிய மேஃபேர் கேம்ஸ் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் டிஎஸ்ஆருடன் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. முடிவில் அந்த வரிசையையே டிஎஸ்ஆர் விலைக்கு வாங்கிக்கொண்டது. 1997இல் டிஎஸ்ஆரை வாங்கிய விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், 2000இல் மூன்றாம் பதிப்போடு ஓஜிஎல்லைக் கொண்டுவந்தபோது, முறைக்குப் பதிப்புரிமை இல்லை என்ற சட்ட உண்மையைவிடப் பெரிய ஒன்றைச் சிறு பதிப்பாளர்களுக்குத் தந்தது. வழக்கு வராது என்ற நிம்மதியே அது. உரிமம் என்பதன் உண்மையான மதிப்பு இன்றும் அந்த நிம்மதியில்தான் இருக்கிறது.

ஆறுமுகப்பகடை:

பழையபகடை சொன்ன சட்ட விளக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முதல் நூலை வெளியிடுபவருக்குச் சட்டத்தைவிடப் பெரிய சிக்கல் வாசகர் கிடைப்பதுதான் என்பதைச் சொல்ல வேண்டும். அந்த வகையில் சமூகச் சந்தைகளை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடாதீர்கள்.

2016இல் தொடங்கிய டிஎம்ஸ் கில்டை உதாரணமாகக் கொள்ளுங்கள். விசார்ட்ஸும், ஆட்ட நூல்களை விற்கும் டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்தை நடத்திவந்த ஒன்புக்‌ஷெல்ஃபும் சேர்ந்து அதைத் தொடங்கியபோது, விற்பனை விலையில் பாதி படைப்பாளிக்கு என்று வைத்தார்கள். மீதி அந்த இரு நிறுவனங்களுக்கும். பாதி என்பது குறைவாகத் தோன்றும். ஆனால் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் போன்ற அவர்களுடைய உலகங்களைப் பயன்படுத்தும் அனுமதி அந்தப் பாதிக்குள் அடங்கியிருக்கிறது. வேறெந்த வழியிலும் தனி ஒருவருக்கு அது கிடைக்காது. கேயாசியம் நிறுவனத்தின் மிஸ்கடோனிக் ரெப்பாசிட்டரி, பாத்ஃபைண்டர் ஆட்டத்தை வெளியிடும் பைசோ நிறுவனத்தின் பாத்ஃபைண்டர் இன்ஃபினிட் ஆகியவையும் இதே அமைப்பில் நடப்பவை.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். தளத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. இத்தகைய ஒரு சந்தையில் என் முதல் மூன்று சாகசங்களை வெளியிட்டேன். முன்பின் அறியாதவர்கள் முதல் வாரத்திலேயே வாங்கினார்கள், பிழைகளைச் சுட்டிக்காட்டி எழுதினார்கள். என் சொந்தப் பக்கத்தில் வைத்திருந்தால் ஒரு வருடம் ஆனாலும் அது நடந்திருக்காது. இழப்பு பிறகு தெரிந்தது. மூன்றாவது சாகசத்துக்காக நான் உருவாக்கிய உப்புநீர்ப் பூதங்களின் ஊரும் அதன் அரசியலும் எனக்கே மிகவும் பிடித்துப்போக, அதைத் தனி நூலாக விரிக்க நினைத்தேன். ஒப்பந்தத்தை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். அங்கே வெளியிட்டதை வேறிடத்தில் வெளியிட முடியாது. அங்குள்ள மற்றப் படைப்பாளிகள் என் பூதங்களைப் பயன்படுத்தலாம். தளத்தின் மேல் குற்றமில்லை, எல்லாம் எழுத்தில் இருந்தது. ஆனால் அந்த ஊரை நான் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. இன்றும் அது மனதில் கிடந்து உறுத்துகிறது.

ஆகவே என் யோசனை இதுதான். அவர்களுடைய உலகத்தில் நடக்கும் சிறிய சாகசம் ஒன்றை, பதினைந்து இருபது பக்கங்களில், சந்தைக்கென்றே தனியாக எழுதுங்கள். அதில் கிடைக்கும் வாசகர்கள் உங்கள் பெயரை அறிந்துகொள்வார்கள். மூழ்கிய நகரத்தின் ஒரு தெருவைக்கூட அதற்குள் கொண்டுபோகாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

ஆறுமுகப்பகடை தம் இழப்பை எழுதியதற்கு நன்றி. ஏனென்றால் உரிமத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு நான் பயன்படுத்தும் ஒரே அளவுகோல் அவருடைய கதையில் இருக்கிறது. உரிமம் தந்தவர் நாளை மனம் மாறினால், அல்லது நீங்களே வெளியேற விரும்பினால், எதை உங்களோடு எடுத்துச் செல்ல முடியும்? எவ்வளவு தருகிறார்கள், எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதையெல்லாம் இதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

2023 ஜனவரியில் நடந்ததை இந்த அளவுகோலால் பாருங்கள். ஓஜிஎல் 1.0ஏ தன்னை நிரந்தரமானது, உலகளாவியது, ராயல்டி அற்றது என்று விவரிக்கிறது. திரும்பப் பெற முடியாதது என்ற சொல் மட்டும் அதில் இல்லை. அதன் ஒன்பதாம் பிரிவு, உரிமத்தின் அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பதிப்பையும் பயன்படுத்தலாம் என்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக எல்லோரும் அதை ஒரு பாதுகாப்பாகவே வாசித்துவந்தார்கள். புதிய பதிப்பு பிடிக்காவிட்டால் பழையதிலேயே இருக்கலாம் என்பது நம்பிக்கை. அந்த ஜனவரியில் விசார்ட்ஸிடமிருந்து கசிந்த 1.1 என்ற புதிய பதிப்பின் வரைவோ அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு, 1.0ஏ இனி அங்கீகரிக்கப்பட்டது அல்ல என்று சொல்ல முயன்றது.

பணம் பற்றிய பகுதியையும் கவனிக்க வேண்டும். ஆண்டு வருவாய் 50,000 டாலரைத் தாண்டினால் கணக்குக் காட்ட வேண்டும். 7,50,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 விழுக்காடு ராயல்டி. கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டு நிதித் தளம் வழியாகத் திரட்டினால் அது 20 விழுக்காடு. உங்களைப் போன்ற ஒருவருக்கு இது தொலைவில் இருக்கும் எண் என்று பலர் அன்று ஆறுதல் சொன்னார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பதிப்பாளர் கூட்டு நிதித் திட்டத்தில் 10,00,000 டாலர் திரட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாண்டிய தொகை 2,50,000. அதில் 20 விழுக்காடு என்றால் 50,000 டாலர். இந்த ராயல்டி இலாபத்தின் மீதானது அல்ல, வருவாயின் மீதானது. அச்சுக்கூலி, தாள், கப்பல் கட்டணம், ஓவியர்களின் ஊதியம், தளத்தின் பங்கு எல்லாம் போன பிறகு அந்தப் பத்து இலட்சத்தில் மிஞ்சுவதே சொற்பம். அச்சுச் செலவு ஒருமுறை எகிறினால் மிஞ்சியது முழுவதும் ராயல்டிக்கே போய்விடும். பெரிய திட்டங்களை நடத்தும் நிறுவனங்கள்தாம் நம்மைப் போன்றவர்களின் எழுத்தையும் வரைபடங்களையும் கூலி கொடுத்து வாங்குபவை. அவற்றின் இலாபம் கரைந்தால் நம் வேலையும் கரையும். இவற்றோடு, முப்பது நாள் அறிவிப்பில் நிபந்தனைகளை மாற்றும் அதிகாரமும், மற்றவர் படைப்பை நிறுவனம் ராயல்டி இல்லாமல் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையும் அந்த வரைவில் இருந்தன.

எதிர்ப்பு எழுந்தபின் 1.2 என்ற திருத்திய வரைவை வைத்துக் கருத்துக் கேட்டார்கள். 15,000க்கும் மேற்பட்டோர் பதிலளித்தார்கள். 88 விழுக்காட்டினர் அந்த உரிமத்தின் கீழ் வெளியிட விருப்பமில்லை என்றார்கள். ஜனவரி 27 அன்று விசார்ட்ஸ் பின்வாங்கியது. ஓஜிஎல் 1.0ஏவைத் தொடாமல் விட்டதோடு, எஸ்ஆர்டி 5.1 முழுவதையும் கிரியேட்டிவ் காமன்ஸ் அட்ரிபியூஷன் 4.0 உரிமத்தின் கீழ் வைத்தது. 2024ஆம் ஆண்டு விதிகளைக் கொண்ட எஸ்ஆர்டி 5.2உம் 2025 ஏப்ரலில் அதே உரிமத்தின் கீழ் வந்தது.

இது சாதாரண மாற்றம் அல்ல. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திரும்பப் பெற முடியாதது என்ற சொல் வெளிப்படையாக இருக்கிறது. அந்த உரிமத்தின் வாசகம் விசார்ட்ஸின் கையில் இல்லை. நிபந்தனைகளை மீறாதவரை உங்கள் புத்தகம் நிற்கும் தரையை யாரும் உருவிக்கொள்ள முடியாது. நீங்கள் செய்ய வேண்டியது, எஸ்ஆர்டியின் முதல் பக்கத்தில் அவர்களே தந்திருக்கும் ஒப்புகை வாசகத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் உங்கள் நூலில் இடுவது. உங்கள் நகரத்தையும் உயிரினங்களையும் எவருக்கும் திறந்துவிட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஓஜிஎல்லில் அப்படி இல்லை. பெற்ற திறந்த உள்ளடக்கத்திலிருந்து வருவித்தது எதுவோ அதையும் திறந்தே விட வேண்டும், எது திறந்தது எது உங்களுடையது என்று பிரித்துக் காட்ட வேண்டும், பதினைந்தாம் பிரிவில் மூலநூல்களின் பதிப்புரிமைக் குறிப்புகளை எல்லாம் வரிசையாகச் சேர்க்க வேண்டும்.

ஆகவே என் விடை: எஸ்ஆர்டி 5.1 அல்லது 5.2, கிரியேட்டிவ் காமன்ஸ் வழி. இன்று புதிதாகத் தொடங்கும் ஒருவர், பழைய ஓஜிஎல் நூல்களிலிருந்து எதையேனும் எடுத்தாள வேண்டியிருந்தால் ஒழிய, ஓஜிஎல்லைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எதையும் நான் காணவில்லை.

நிலவறைவாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு கோப்பு முழுவதும் தேடிப் பார்த்தேன். மைண்ட் ஃப்ளேயர் என்ற பெயர் ஏழு இடங்களில் இருந்தது. ஒரு கோவிலின் வரலாறே அதை நம்பித்தான் இருக்கிறது. அதைப் புதிதாக எழுத வேண்டும்.

இரண்டு சந்தேகங்கள் எழுகின்றன. என் விளக்கு விதியையும் நீருக்கடிச் சண்டை விதிகளையும் மற்றவர்கள் எடுத்துத் தங்கள் நூல்களில் பயன்படுத்தினால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நகரமும் அதன் மனிதர்களும் என்னிடமே இருக்க வேண்டும். இதற்கு ஓஆர்சி பொருந்துமா? இரண்டாவதாக, ஐந்தாம் பதிப்போடு ஒத்திசைவது என்பதை அட்டையில் எப்படிச் சொல்வது?

கணக்குப்பிள்ளை:

இரண்டாவதற்கு விடை எளிது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரையோ சின்னத்தையோ அட்டையில் போடாதீர்கள்; கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் வணிகச் சின்னங்களுக்கு அனுமதி தருவதில்லை. ஐந்தாம் பதிப்போடு ஒத்திசைவது, அல்லது 5இ ஒத்திசைவு, என்று குறிப்பிடலாம் என்று எஸ்ஆர்டியின் முன்குறிப்பே சொல்கிறது. வாசகர்களுக்கு அது போதும்.

ஓஆர்சி, நீங்கள் கேட்ட பிரிவினைக்காகவே அமைந்தது. 2023இன் கொந்தளிப்பில் பைசோ முன்னெடுத்து, அசோரா சட்ட நிறுவனம் எழுதி, அதே ஆண்டில் இறுதியான உரிமம் அது. ஆட்ட இயக்கம் சார்ந்தவை தாமாகவே திறந்துவிடும். பெயர்கள், கதை, உலகம், ஓவியம் ஆகியவை ஒதுக்கப்பட்டவையாக உங்களிடமே இருக்கும். உங்கள் விதிகளை எடுத்துக்கொள்பவரும் தம் விதிகளை அதேபோலத் திறந்துவிட வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. கேயாசியத்தின் பேசிக் ரோல்பிளேயிங் 2023இல் அதன் கீழ் வந்தது. பைசோவும் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பை அதே ஆண்டு நவம்பர் முதல் ரீமாஸ்டர் என்ற பெயரில் திருத்தி, ஓஜிஎல்லிலிருந்து வந்த கூறுகளைக் களைந்து, ஓஆர்சியின் கீழ் மறுபடி வெளியிட்டது. தம் சொந்த டிராகன்களையே அவர்கள் புதிதாக எழுத வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், உங்கள் கோவில் வரலாறு சிறிய வேலைதான்.

ஆனால் ஒன்று. நீங்கள் திறக்க விரும்புவது பத்துப் பக்க விதிகள் மட்டும் என்றால், அந்தப் பத்துப் பக்கங்களைத் தனிக் கோப்பாக்கி, கிரியேட்டிவ் காமன்ஸ் அட்ரிபியூஷன் 4.0 கீழ் இலவசமாக வைத்துவிடுவதே எளிது. எஸ்ஆர்டியின் வாசகம் எங்கே முடிகிறது, உங்கள் வாசகம் எங்கே தொடங்குகிறது என்ற குழப்பம் அதில் வராது. பிளேட்ஸ் இன் தி டார்க், ஃபேட் கோர் ஆகிய ஆட்டங்களின் விதித்தொகுப்புகள் அப்படித் தனியாக வைக்கப்பட்டதால்தான் அவற்றின் மேல் இத்தனை புதிய ஆட்டங்கள் எழுந்தன.

பழையபகடை:

கணக்குப்பிள்ளையோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். உரிமம் உறுதியாக இருப்பதால் மட்டும் தரை உறுதியாகிவிடாது. உரிமம் அப்படியே இருக்க, பதிப்பு மாறியதால் அழிந்தவர்கள் பலர். 2000க்குப் பின், மூன்றாம் பதிப்போடு ஒத்திசைவதைக் காட்டும் டி20 சின்னம் தாங்கிய நூல்கள் வெள்ளமாக வந்தன. 2003இல் மூன்றாம் பதிப்பு 3.5 ஆகத் திருத்தப்பட்டதும், பழைய விதிகளுக்கான துணை நூல்கள் கடைகளில் விலைபோகாமல் தேங்கின. பல சிறு நிறுவனங்கள் மூடப்பட்டன. ஓஜிஎல் அப்போது செல்லாததாகிவிடவில்லை. வாசகர்கள் நகர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான். 2008இல் நான்காம் பதிப்பு ஜிஎஸ்எல் என்ற இறுக்கமான உரிமத்தோடு வந்தபோதோ இதற்கு நேர்மாறு நடந்தது. பழைய விதிகளை விட்டு வராத வாசகர்களை நம்பிப் பைசோ 2009இல் பாத்ஃபைண்டரை வெளியிட்டது. அந்த வாசகர்களே அதை வாழவைத்தார்கள்.

நிலவறைவாசிக்கு இதனால் வரும் யோசனை: உயிரினங்களின் எண் கட்டங்களை, அதாவது அவற்றின் திறன்களை எண்களில் காட்டும் பகுதிகளை, நூலின் பின்பகுதியில் ஒரே இடத்தில் வையுங்கள். நகரத்தின் விவரிப்பில் குறிப்பிட்ட விதிச்சொற்களைக் கூடியவரை தவிருங்கள். பகடையில் 14 வந்தால் கதவு திறக்கும் என்று எழுதுவதோடு, துருவேறிய கீலில் எண்ணெய் விட்டால் சத்தமில்லாமல் திறக்கும் என்றும் எழுதுங்கள். நாளை வேறொரு ஆட்டத்துக்கு இந்த நகரத்தை மாற்ற நினைத்தால், இருநூறு பக்கங்களையும் திருத்தாமல் முப்பது பக்கங்களைத் திருத்தினால் போதும்.

மெய்ப்புநோக்கி:

மூன்றாம் தரப்பு நூல்களைத் தொகுத்துத் தருவதே என் வேலை என்பதால், உரிமம் பற்றிய பேச்சில் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மேசையில் ஏழு ஆண்டு ஓடிய விதி, எழுத்தில் முழுமையாக இருப்பதே இல்லை. பாதி விதி எழுத்தில் இருக்கும்; மீதிப் பாதி அந்தக் குழுவின் பழக்கத்தில் இருக்கும். எழுதியவருக்கு அது தெரியாது.

உங்கள் விளக்கு விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். குழு நகரும்போதெல்லாம் உருட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு முகப் பகடையில் 1 அல்லது 2 விழச் சராசரியாக நான்கு முறை உருட்ட வேண்டும், ஆறு முகத்தில் மூன்று, நான்கு முகத்தில் இரண்டு. ஆக ஒரு விளக்கு சராசரியாக ஒன்பது உருட்டல்களில் அணையும். நகர்வது என்றால் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கா? ஆட்ட நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையா? சண்டையின் ஒவ்வொரு சுற்றிலுமா? முதலாவது என்றால் ஒன்பது அறைகள் தாண்டலாம். இரண்டாவது என்றால் ஒன்றரை மணி நேரம் எரியும். மூன்றாவது என்றால் ஐந்தாம் பதிப்பின் ஆறு விநாடிச் சுற்றுக் கணக்கில் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. உங்கள் குழுவுக்கு இதில் சந்தேகமே வந்திருக்காது, ஏனென்றால் எப்போது உருட்டுவது என்று நீங்கள் அவர்களைப் பார்த்துத் தலையசைத்திருப்பீர்கள். புத்தகம் தலையசைக்காது.

அதனால், வெளியிடுவதற்கு முன் உங்களை அறியாத இரண்டு குழுக்களிடம் கோப்பைக் கொடுங்கள். நீங்கள் அங்கே இருக்கக் கூடாது, கேட்டால் விளக்கவும் கூடாது. அவர்கள் எங்கே நின்று தடுமாறினார்கள் என்பதை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர்கள் தவறாகப் புரிந்துகொண்ட விதி எதுவாக இருந்தாலும், வாசகத்தைத் திருத்துங்கள்; அவர்களுக்கு விளக்கிப் புரியவைக்க முயலாதீர்கள்.

கூடவே ஒவ்வொரு பகுதியும் எங்கிருந்து வந்தது என்று ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். எஸ்ஆர்டியிலிருந்து எடுத்தது, எஸ்ஆர்டியை ஒட்டித் திருத்தியது, முழுக்கச் சொந்தம், குழுவில் இன்னொருவர் சொன்னது என்று நான்கு வண்ணங்கள் போதும். கடைசி வண்ணம்தான் பின்னால் மனக்கசப்பைக் கொண்டுவருவது. ஏழு ஆண்டுகளில் உங்கள் ஆட்டக்காரர்கள் பெயரிட்ட ஊர்கள், அவர்கள் உருவாக்கிய பாத்திரங்கள் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களிடம் இப்போதே பேசி, நூலில் எதைப் பயன்படுத்த அனுமதிக்கிறார்கள், பெயரை எப்படிக் குறிப்பிட வேண்டும், விற்பனையில் பங்கு உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓவியரிடமும் அப்படியே: பிடிஎஃப், அச்சு, கணினி வழி ஆட்டத் தளங்கள் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து அனுமதி பெறுங்கள். பிடிஎஃப்புக்கு மட்டும் வாங்கிவிட்டு, பின்னர் ரோல்20 போன்ற தளங்களில் வைக்கும்போது மறுபடி பேரம் பேச நேர்ந்தவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

நிலவறைவாசி:

மெய்ப்புநோக்கி சொன்னது உண்மை. எங்கள் மேசையில் அறைக்கு ஒருமுறைதான் உருட்டுவோம்; சண்டையில் விளக்கு ஏந்தியவர் அடிபட்டால் மட்டும் கூடுதலாக ஒருமுறை. இரண்டாவது பகுதியை நான் எழுதவே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

முடிவாக, எஸ்ஆர்டி 5.2ஐ கிரியேட்டிவ் காமன்ஸ் வழியாகப் பயன்படுத்தி எழுதப்போகிறேன். விளக்கு விதியும் நீர் விதிகளும் தனி இலவசக் கோப்பாக வரும். சப்கிளாஸை வெற்றுத் தாளிலிருந்து தொடங்குகிறேன். நகரத்தின் படகுத்துறைக்குப் பெயர் வைத்தவர் எங்கள் குழுவில் இரண்டு ஆண்டுகள் மட்டும் இருந்துவிட்டு வேலை காரணமாக வெளியேறிய நண்பர். அவருக்கு இன்று காலை கடிதம் எழுதிவிட்டேன். கோப்பு தயாரானதும், எங்களை அறியாத குழுக்களைத் தேடி இதே இழையில் அறிவிப்பு இடுகிறேன்.

ஆறுமுகப்பகடை:

எங்கள் குழு தயாராக இருக்கிறது. ஐந்து பேர், எவருக்கும் உங்கள் நகரத்தைப் பற்றி எதுவும் தெரியாது. நானும் அவர்களிடம் இந்த இழையைக் காட்டப்போவதில்லை. முதல் மூன்று அறைகள் முடிந்திருந்தாலே அனுப்பிவையுங்கள்.